ஒருமை விகுதி

மாலை வகுப்பில் நெவென்கா டீச்சர்
கரும்பலகையை மூன்றாகப் பிரித்தார்.
ஒருமை. பன்மை.
நடுவில், இருவருக்கென்றே ஒரு தனி விகுதி.
காதலர்களுக்கு, இரட்டையருக்கு,
ஒரே குடைக்குள் நடக்க நேர்ந்த அந்நியருக்கும்கூட.
எங்கள் மொழியில் அது இல்லை என்றேன்.
"ஐயோ, பிறகு எப்படிக் காதலிப்பீர்கள்?"
வீட்டுப்பாடம்: இருமையில் பத்து வாக்கியங்கள்.
எட்டு எழுதினேன்.
எட்டிலும் இரண்டு பூனைகள்.

சனிக்கிழமை, காலை ஆறேகால்.
லூப்லியானா நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தி
எத்தனை என்றாள்.
ஒன்று.
பிழையில்லாமல் எனக்கு வருவது
அந்த விகுதி மட்டும்தான்.

மருந்துத் தொழிற்சாலையில்
ஒரு மாத்திரை எத்தனை நிமிடத்தில் கரைகிறதென்று
வாரம் முழுக்க நேரம் குறிப்பவள் நான்.
இன்று கைக்கடிகாரத்தை விட்டுவிட்டு வந்தேன்
என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய்.
பையின் அடியில் கிடக்கிறது,
அவித்த முட்டைகளுக்குக் கீழே.

பெட்டியின் மேல் யாரோ பீச்சிய சாயத்தில்
என் ஜன்னலுக்குப் பாதி மீன் வால் வாய்த்தது.
ஏரி ஊதாவாக வந்து
ஊதாவாகப் போனது.

பிலெட்டில் எல்லோரும் இறங்கினார்கள்.
என் டிக்கெட்டும் அதுவரைதான்.
எழுந்தேன், பையை மாட்டினேன்,
கதவுவரை போய்
திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
ஏன் என்று கேட்க யாருமில்லாததால்
ஏன் என்பதும் இல்லை.

எதுவரை என்றார் கண்டக்டர்.
நீங்கள் இறங்கும் இடம்வரை.
"நான் வீட்டுக்குப் போகிறேன் அம்மா,
மாமியார் வந்திருக்கிறார், உங்களுக்கு வேண்டாம்."
மோஸ்ட் வரைக்கும் கிழித்துக் கொடுத்தார்.

போஹின் தாண்டி நீண்ட சுரங்கம்.
பின்னால் திறந்த வண்டிகளில்
கார்கள் ரயிலேறி வருகின்றன,
உள்ளே மனிதர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி,
எதையும் ஓட்டாமல்.
இருட்டில் கண்ணாடி கறுத்ததும்
எனக்கெதிரே ஒருத்தி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.
உப்பு மறந்திருந்தாள் அவளும்.
வெளிச்சம் வந்தது.
அவள் இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு.
அந்த நிறத்துக்கு என்னிடம் பெயர் இல்லை.
பக்கத்தில் ஆள் இருந்திருந்தால்
பச்சை என்றாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

மெல்போர்னிலிருந்து அக்கா: யாரோட போன?
யாரோடயும் இல்ல.
தனியாவா?
அந்த ஆகாரத்தில் ஒரு கதவை அறைந்து சாத்தலாம்.
பாலத்தில் நாயோடு வந்த பெண்ணும் அதையேதான் கேட்டாள்.
சாமா?
குடை கொண்டுவந்தாயா என்பதுபோல.
ஆமாம் என்றதும்
மேலே போகிற பாதையைக் காட்டினாள்.

அந்தப் பாதையில் வழுக்கி விழுந்ததையும் எழுத வேண்டும்.
முழங்கால் கிழிந்து,
அலைபேசியில் ஒரு கோடும் இல்லாமல்,
யாருக்கும் தெரியாத ஒரு கல்லில் உட்கார்ந்து
கொஞ்சம் அழுதேன்.
முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் அழுகிற வசதி
இத்தனை வருடத்தில் எனக்கு வாய்த்ததில்லை.
பிறகு பசித்தது.

உணவகத்தில் பையன்
எதிர்த் தட்டை எடுக்கப் போனான்.
இருக்கட்டும் என்றேன்.
ஒன்றில் மீன், மற்றதில் முள்.

திரும்பும் ரயிலில் ஒன்பதாவதை எழுதினேன்:
நானும் ஆறும், நாங்கள் இருவர்,
பேசாமல் நடந்தோம்.

நெவென்கா சிவப்பு மையால் விகுதியை அடித்தார்.
"ஆறு பெண்பால். நீயும்தானே.
இரண்டு பெண்கள் நடந்தால் இது வேறு."
ஓரத்தில் சரியாக எழுதிக் காட்டினார்,
ஒரே ஓர் எழுத்துதான் மாறியது.

பத்தாவது எங்கே என்று அவர் கேட்கவில்லை.
கைக்கடிகாரத்தின் வாரில்
திங்கள் வரைக்கும் முட்டை வாசம்.